விசா மறுத்துவிட்டார்கள்: உடனே மறுபடியும் போடுவதா, காரணம் தெரிந்து போடுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இப்போது தெருவுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. பேரக்குழந்தையைப் பார்க்கப் பெற்றோர் விசிட்டர் விசாவுக்குப் போடுகிறார்கள். மறுப்பு வந்துவிட்டால் பாலக்காட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஒன்டாரியோவில் இருக்கும் தங்கையிடம் போக எங்கள் அப்பா அம்மாவுக்குக் கனடா விசா மறுக்கப்பட்டபோது எல்லா வழிகளையும் விசாரித்தோம். கடைசியில் அதிகாரி எழுதிவைத்த குறிப்பை வாங்கிப் படித்த பிறகே புதிதாக விண்ணப்பித்தோம், விசா கிடைத்தது. அதனால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

உடனே மறுபடியும் போடுவதில் சட்டப்படி தடை எதுவும் இல்லை. இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஆளுக்கு 100 கனடா டாலர் கட்டணம் மட்டும் திரும்பக் கட்ட வேண்டும். கைரேகைக்குக் கட்டிய 85 டாலர் பத்து வருடத்துக்குச் செல்லும். அழைப்புக் கடிதத்தை இணைக்க விட்டுப்போனது போல, என்ன குறை என்று கண்ணுக்கே தெரிந்தால் இந்த வழி போதும். குறை தெரியாமல் அதே காகிதக் கட்டைத் திரும்ப அனுப்பினால் அதே பதில் வரத்தான் வாய்ப்பு அதிகம். அப்புறம் இனி எந்த விண்ணப்பத்திலும் ஒன்றுக்கு இரண்டு மறுப்புகளைச் சொல்லியாக வேண்டும்.

எங்களுக்கு வந்த கடிதத்தில் இருந்தது எல்லாருக்கும் வரும் வாசகம்தான்: தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் கனடாவை விட்டுக் கிளம்புவீர்கள் என்பதில் திருப்தி இல்லை, பணநிலையையும் கருத்தில் கொண்டோம். இதை வைத்து எந்தக் காகிதத்தைச் சரிசெய்வது? ஏஜென்ட் ஒருவர், பேங்க் பேலன்ஸை ஏற்றிக் காட்டினால் சரியாகிவிடும் என்றார். அந்த யோசனையைக் கேட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஏன் என்பது குறிப்பு வந்த பிறகுதான் புரிந்தது.

அதிகாரியின் குறிப்பு போன்ற அரசுத் தகவலைக் கேட்டு வாங்கக் கனடாவில் சட்டம் இருக்கிறது. கட்டணம் 5 டாலர். கனடா குடிமகனோ, பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) உள்ளவரோ, அந்த நாட்டில் இருக்கும் ஒருவரோதான் கேட்க முடியும். அதனால் அப்பா அம்மா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப, தங்கை அங்கிருந்து விண்ணப்பித்தாள். சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும், சில சமயம் நீளும். 2025 ஜூலை இறுதியிலிருந்து சில வகை மறுப்புக் கடிதங்களோடு இந்தக் குறிப்பும் சேர்ந்தே வருகிறது. உங்களுக்கு அப்படி வந்திருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

எங்கள் குறிப்பு நாலைந்து வரிதான். கணக்கில் திடீரென்று பெரிய தொகை வரவு, எங்கிருந்து வந்தது என்று விளக்கமில்லை. சொந்த ஊரில் உள்ள சொத்துக்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. அந்தப் பெரிய தொகை அப்பாவின் நெல்லுக்கு வந்த பணம்! கேரளத்தில் அரசின் கொள்முதல் நிறுவனமான சப்ளைகோ நெல் எடுத்தால் பிஆர்எஸ் என்ற நெல் கொள்முதல் ரசீது கொடுக்கும். அதை வைத்து பேங்க் பணத்தைக் கடனாகவே வரவு வைக்கும், கடனை சப்ளைகோ அடைத்துவிடும். இது இங்கே ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். பாஸ்புக்கில் லோன் என்று வரி இருப்பதை வேறொரு நாட்டு அதிகாரி பார்த்தால், விசாவுக்காகக் கடன் வாங்கிப் போட்ட பணம் என்றுதான் நினைப்பார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த விண்ணப்பத்தில் பிஆர்எஸ் ரசீதுகளையும், அந்த ஏற்பாட்டை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தையும் வைத்தோம். பால் சொசைட்டியிலிருந்து வரும் பணத்துக்கும் தனியாக ஒரு பட்டியல் போட்டோம். மாதாமாதம் வரும் சின்ன வரவு, ஒரே நாளில் வந்த பெரிய தொகையைவிட நம்பிக்கை தரும்.

சொத்து விஷயம் எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கே உரிய சிக்கல். வீட்டில் பேசுவது தமிழ், ஆதாரமும் (நிலப் பத்திரம்) கரம் (நில வரி) கட்டின ரசீதும் மலையாளம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்ப்பு இல்லாத காகிதம் அங்கே கணக்கில் வராது. மொழிபெயர்த்தவர் நோட்டரி முன்னால் அபிடவிட் கொடுக்க வேண்டும், குடும்பத்தில் ஒருவர் மொழிபெயர்க்கக் கூடாது. வீட்டில் மலையாளமும் ஆங்கிலமும் தெரிந்த ஆசிரியர் இருந்தாலும் வெளியாளிடம்தான் கொடுக்க வேண்டும். அடுத்து பெயர். ரசீதில் வீட்டுப்பேரோடு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் ஒன் அண்ட் சேம் சான்றிதழ் தருவார்கள், கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயாவிலேயே விண்ணப்பிக்கலாம். ரசீதில் உள்ள தண்டப்பேர் எண்ணும் (வரிப் பதிவேட்டில் நில உடைமையாளரின் கணக்கு எண்) சர்வே எண்ணும் மொழிபெயர்ப்பில் அப்படியே வந்திருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கோர்ட் வழிக்கு நாங்கள் போகவில்லை, அதனால் விதியில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவு என்றால் 60 நாளுக்குள் பெடரல் கோர்ட்டில் மனு போட வேண்டும். கோர்ட் கட்டணம் 50 டாலர்தான், பெரிய செலவு வக்கீலுக்கு. ஜெயித்தாலும் கோர்ட் பொதுவாக விசா தருவதில்லை, வேறொரு அதிகாரி பார்க்கட்டும் என்று கோப்பைத் திருப்பி அனுப்பும். கொடுத்த காகிதத்தை அதிகாரி பார்க்கவே இல்லை என்று குறிப்பிலேயே தெரிந்தால் இதை யோசிக்கலாம். குறிப்பு கைக்கு வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம் என்பதால், மறுப்பு வந்த வாரமே கேட்டுவிடுங்கள். சாதாரண விசிட்டர் விசாவுக்கு இந்தச் செலவு தகாது என்பது என் எண்ணம்.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கனடா தரும் நீண்ட கால விசாவான சூப்பர் விசா போடலாமே என்றும் கேட்பார்கள். பிள்ளைக்குப் பிஆரோ குடியுரிமையோ இருந்து, வருமான வரம்பும் எட்டினால் நல்ல வழிதான். ஒரு முறை போனால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். ஆனால் ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். திரும்பி வருவீர்களா என்ற கேள்வி அங்கேயும் உண்டு. பழைய குறை அப்படியே இருந்தால் விசாவின் பெயரை மாற்றிப் பயனில்லை.

மற்ற நாடுகளில் இந்தக் கணக்கு மாறும். அமெரிக்காவில், திரும்பிப் போவீர்கள் என்று நம்பிக்கை வரவில்லை என்பது போன்ற காரணத்துக்கான 214(பி) பிரிவில் மறுத்தால் அப்பீல் கிடையாது, புதிதாகப் போடுவது ஒன்றே வழி. ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் காரணத்தை எண் போட்டே தருகின்றன, அப்பீலும் உண்டு. ஆனால் ஜெர்மனி தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது.

எந்த வழியில் போனாலும் பழைய மறுப்பை மறைக்கச் சொல்லும் ஏஜென்டிடம் மட்டும் போகாதீர்கள். கனடா படிவத்தில் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி நேராகவே இருக்கிறது. பொய் சொன்னது தெரிந்தால் ஐந்து வருடத் தடை. நாங்கள் ஆம் என்று குறித்து, முன்பு சொன்ன குறை என்ன, இப்போது எந்தக் காகிதம் அதற்குப் பதில் என்று விளக்கக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதினோம்.