‘ஓப்பன் சோர்ஸ்தான் அக்கா, இலவசம்’ என்று ஆன்லைன் கடை போட்டுத் தருபவர்களிடம் கவனம்

மதுரையில் நானும் தங்கையும் சுங்குடிச் சேலை விற்கிறோம். கடை என்றால் வீட்டு முன்னறைதான். 2020 ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கத் தொடங்கி, வெளியூர் ஆர்டர் கூடியதும் சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஆசைப்பட்டோம். 2021 பிப்ரவரியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் டெவலப்பர் ஒருவர் வந்தார். அவரிடம் நாங்கள் ஏமாந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இன்னும் மூன்று சிறு கடைகளுக்கு இதே வேலையை அவர் செய்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

“சாஃப்ட்வேர் இலவசம் அக்கா. ஓப்பன் சோர்ஸ். என் கூலி மட்டும் தந்தா போதும்” என்றார். ஓப்பன் சோர்ஸ் என்றால் அதன் மூலநிரல், அதாவது சாஃப்ட்வேரை எழுதிய வரிகள், யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்திருக்கும். கூலி 85,000 ரூபாய், அப்புறம் ஆண்டுக்கு 18,000 பராமரிப்பு. பில் கேட்டோம். “பில் போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் கூட வருமே அக்கா” என்றார். சரி என்று விட்டுவிட்டோம். கையில் பில் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்பது கடைசியில்தான் உறைத்தது.

அவர் போட்டுத் தந்தது மஜெண்டோ என்ற ஆன்லைன் கடை சாஃப்ட்வேர். “அடோபி கம்பெனியே காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேர்” என்றார். அது பொய் இல்லை. 2018இல் அடோபி அதை 168 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் மஜெண்டோவில் 1, 2 என்று இரண்டு தலைமுறை உண்டு. இரண்டாவது 2015 நவம்பரிலேயே வந்துவிட்டது. முதலாவதற்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை 2020 ஜூன் 30ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், ஒரே வார இறுதியில் உலகம் முழுக்க ஏறக்குறைய 2,000 மஜெண்டோ கடைகளுக்குள் புகுந்து கார்டு விவரம் திருடினார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை மஜெண்டோ 1. அது நடந்து ஐந்து மாதம் கழித்து எங்களுக்கு இவர் போட்டுத் தந்தது மஜெண்டோ 1.9.2.4. அது 2016இல் வந்த பதிப்பு. முன்பு வேறொருவருக்குச் செய்துகொடுத்த கடையின் நகல் அவரிடம் இருந்தது. லோகோவை மாற்றினார், படங்களை மாற்றினார், வேலை முடிந்தது. மஜெண்டோ 2 போட வேண்டுமென்றால் அவர் வைத்திருந்த மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் (பல வெப்சைட்டுகள் ஒரே சர்வரைப் பகிரும் வாடகை இடம்) தாங்காது.

இதில் ஒன்றுகூட அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அட்மின் பக்கத்தின் அடியில் பதிப்பு எண் சின்ன எழுத்தில் இருக்கும். ஒன்றரை வருஷம் தினமும் அதைப் பார்த்தோம், அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

2022 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். “உங்க கடையில ரெண்டு தடவை கார்டு நம்பர் கேட்குதேம்மா. முதல் தடவை எரர்னு வந்துச்சு, மறுபடி போட்டதும் போயிடுச்சு” என்றார். நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கும் என்று நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். நான்காம் நாள் அவர் கார்டில் யாரோ எங்கேயோ பொருள் வாங்கியிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாக எங்களிடம் வாங்குபவர். அன்றைக்கு அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். எங்கள் கடை கார்டு எண்ணைக் கேட்கவே கூடாது. ‘பணம் செலுத்து’ என்பதை அழுத்தினால் பேமென்ட் கேட்வேயின் (நமக்காகப் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) பக்கத்துக்குப் போக வேண்டும், கார்டு எண்ணை அங்கேதான் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், எங்கள் பக்கத்திலேயே அச்சு அசலாக ஒரு போலிப் படிவம் முளைத்திருந்தது. எண்ணை வாங்கிக்கொண்டு எரர் காட்டிவிட்டு, உண்மையான பக்கத்துக்கு அனுப்பிவிடும். எங்களுக்குப் பணம் ஒழுங்காக வரும், ஆர்டர் வரும், சந்தேகமே வராது. இந்திய கார்டுதானே, ஓடிபி வருமே என்று நினைக்க வேண்டாம். ஓடிபி கேட்காத வெளிநாட்டு தளங்கள் நிறைய இருக்கின்றன.

டெவலப்பரைக் கூப்பிட்டோம். “கஸ்டமர் போன்ல வைரஸ் இருக்கும் அக்கா” என்றார். இரண்டாம் முறை எடுக்கவில்லை. தங்கையின் தோழி ஒருத்தி இதே துறையில் வேலை செய்கிறாள். பிரவுசரில் எங்கள் செக்அவுட் (பணம் கட்டும்) பக்கத்தின் நிரலைத் திறந்து பத்து நிமிஷத்தில் காட்டினாள். கூகுள் முகவரி போலவே, ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரியிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஏறிக்கொண்டிருந்தது. மஜெண்டோ 1இன் அட்மினில், ஃபுட்டருக்கு (பக்கத்தின் அடிப்பகுதிக்கு) ஏதாவது சேர்க்க ஒரு பெட்டி உண்டு. திருடர்கள் வழக்கமாக அங்கேதான் ஒட்டிவைப்பார்களாம்.

நீக்கிவிடலாம் என்றால் அந்த இடத்துக்குப் போகவே எங்களால் முடியவில்லை. எங்களுக்கு அவர் தந்திருந்த லாகின் ஆர்டர் பார்க்க மட்டும். ஹோஸ்டிங் அவர் கணக்கில். டொமைன், அதாவது எங்கள் வெப்சைட் முகவரி, அவர் பெயரில். ஒப்படைக்க 40,000 கேட்டார். கெஞ்சிப் பேசி 15,000 கொடுத்ததற்கு ஒரு ஜிப் ஃபைல் மட்டும் வந்தது. திறந்தால் முக்கியமான கோப்புகளெல்லாம் ஐயான்க்யூப் என்ற, நிரலை மறைக்கும் கருவி போட்டுப் பூட்டியவை, மனிதர் படிக்க முடியாத எழுத்துக் குப்பை.

எனக்கு ஆறாத ஆத்திரம் இதில்தான். ஓப்பன் சோர்ஸ் என்றால் காசு இல்லை என்று மட்டும்தான் நாங்கள் புரிந்துகொண்டிருந்தோம். அதன் உண்மையான பலனே, செய்துகொடுத்தவர் சரியில்லை என்றால் நிரலைத் தூக்கிக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம் என்பதுதான். மஜெண்டோ 1இன் உரிமமான ஓஎஸ்எல் 3.0, மாற்றிக் கொடுப்பவர் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்கிறது. எங்களுக்குச் சேர வேண்டியதைப் பூட்டி, அதற்கே விலை கேட்டார். பழைய மஜெண்டோவை ஓப்பன்மேஜ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் இன்றும் திருத்தி வெளியிடுகிறார்கள். அதையாவது போட்டிருக்கலாம். எங்களிடம் வாங்கிய 18,000இல் ஒரு மாலை வேலை.

டொமைனை மீட்க வழி தேடினோம். டாட் இன் முகவரிகளுக்கு ஐஎன்டிஆர்பி என்று ஒரு தகராறு தீர்க்கும் முறை இருக்கிறது. ஆனால் பெயரில் நமக்கு உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும். எங்களிடம் டிரேட்மார்க் இல்லை, அவருக்குப் பணம் கொடுத்த பில்லும் இல்லை. சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். 2022 டிசம்பரில் புதுப் பெயரில், எங்கள் கணக்கில் வாங்கிய டொமைனில், வூகாமர்ஸ் என்ற இன்னொரு கடை சாஃப்ட்வேர் போட்டுத் தொடங்கினோம். 312 சேலைகளையும் தங்கை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

இப்போது யாராவது கடை போட்டுத் தருகிறேன் என்று வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் என்ன சாஃப்ட்வேர், எந்தப் பதிப்பு, அதற்குத் திருத்தம் எதுவரை வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வூகாமர்ஸ், ஓப்பன்கார்ட், பிரெஸ்டாஷாப் எதுவாக இருந்தாலும் சரி. பதிப்பின் தேதியை நீங்களே தேடிப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. டொமைனை உங்கள் மெயில், உங்கள் கார்டு கொண்டு நீங்களே வாங்குங்கள். முழு அட்மின் லாகின் முதல் நாளே உங்கள் கையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை உங்கள் கடையில் நீங்களே ஏதாவது வாங்கிப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்ததே இல்லை.

எங்கள் பழைய முகவரி இன்னும் திறக்கிறது, எங்கள் சேலைப் படங்களோடு. அது எங்கள் கடை இல்லை. அங்கே கார்டு போட்டு வாங்கியவர்கள் தயவுசெய்து வங்கியில் சொல்லி கார்டை மாற்றிக்கொள்ளுங்கள். எங்களிடம் இருந்த எண்களுக்கெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டோம், 46 பேரை மட்டும் இன்னும் பிடிக்க முடியவில்லை.