வீட்டிலிருந்து வரும் டேப்லெட்டா, பள்ளியின் பொது டேப்லெட்டா?

தொடக்க வகுப்பில் டேப்லெட் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வாதம். வாரத்தில் சில பாடவேளைகள் பயன்படுத்தலாம் என்று முடிவான பிறகு, கருவி யாருடையது என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வீட்டிலிருந்து கொண்டுவரலாம். இல்லையென்றால் பள்ளியே ஒரே மாடலில் 30 வாங்கி, சார்ஜ் வண்டியில் அடுக்கி, வகுப்புக்கு வகுப்பு தள்ளிக்கொண்டு போகலாம். ஐந்தாம் வகுப்பு வரை என் ஓட்டு பள்ளித் தொகுப்புக்கே.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டுக் கருவி என்றால் பள்ளிக்கு முதல் செலவு குறைவு. ஆனால் யார் வீட்டில் வசதி அதிகம் என்பது வகுப்பிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். ஃபோனை எந்தப் பக்கத்திலும் சேர்க்க வேண்டாம். 6 அங்குலத் திரையில் ஏழு வயதுப் பிள்ளை எழுத்தை விரலால் வரைந்தால், பாதி எழுத்தை அந்த விரலே மறைத்துவிடும். 8 முதல் 10 அங்குலம் வசதியான அளவு. கேமராவைப் பள்ளிக் கருவியில், எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் நிர்வாக மென்பொருள் வழியாக அணைத்து வைக்கலாம். வீட்டுக் கருவியில் கெஞ்சத்தான் முடியும்.

தராசைச் சாய்ப்பது பராமரிப்பு. துல்லியமாகச் சொன்னால், கருவியின் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்பது.

வீட்டு டேப்லெட்டின் சாவி பெற்றோரிடம் இருக்கிறது. அது சரியானதும்கூட. ஆனால் வகுப்பில் என்ன நடக்கிறது? ஆசிரியர் ஒரு செயலியை நிறுவச் சொல்கிறார். ஃபேமிலி லிங்க் (பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான கூகுள் செயலி) போட்ட கருவியில் அனுமதிக் கோரிக்கை அம்மாவின் ஃபோனுக்குப் போகிறது. அவர் வேலையில் இருக்கிறார். இன்னொரு பிள்ளையின் கருவியில் அன்றைய திரை நேர வரம்பு காலையிலேயே தீர்ந்து, பூட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவதில் வீடியோக்கள் நிரம்பி இடமே இல்லை. நான்காவது வைஃபையில் சேர மறுக்கிறது. காரணம், ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 காலத்திலிருந்து கருவிகள் நெட்வொர்க்கில் தங்களை அடையாளம் காட்டும் உண்மையான வன்பொருள் முகவரியை (மேக் முகவரி) மறைத்து, நெட்வொர்க்குக்கு ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. பெட்டியில் அச்சிட்ட முகவரியைப் பெற்றோர் எழுதிக் கொடுத்து, பள்ளியும் அதையே பதிவு செய்திருந்தால் கதவு திறக்காது. அந்தப் பள்ளி நெட்வொர்க்குக்கு மட்டும் மாற்று முகவரியை அணைத்தால் சரியாகிவிடும். ஆனால் அதை எட்டு வயதுப் பிள்ளை செய்யாது.

ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆறு பேருக்கு வந்தால் 40 நிமிடப் பாடவேளையில் 30 நிமிடம் காலி. மீதி 24 பிள்ளைகள் அதற்குள் விளையாட்டைத் திறந்திருப்பார்கள். “மேலே வலது மூலையைத் தொடுங்கள்” என்று ஆசிரியர் சொன்னால், மூன்று வகைத் திரைகளில் அந்தப் பொத்தான் மூன்று இடங்களில் இருக்கும். பெரிய வகுப்பில் பிள்ளைகளே தேடிக்கொள்வார்கள். இரண்டாம் வகுப்பில் பிழைச் செய்தியை வாசிப்பதே ஒரு பாடம்.

பள்ளித் தொகுப்புக்கும் பராமரிப்பு உண்டு, குறைவும் அல்ல. ஆனால் அது ஒரே கையில், வகுப்பு நேரத்துக்கு வெளியே நடக்கிறது. யாராவது ஒருவருக்கு வாரம் இரண்டு மணி நேரமாவது இதற்கென ஒதுக்க முடியாத பள்ளி, தொகுப்பை வாங்காமல் இருப்பதே நல்லது.

அந்த வேலை எப்படி இருக்கும்? டேப்லெட், உறை, வண்டியின் அறை மூன்றிலும் ஒரே எண் ஒட்டுங்கள். 14-ஆம் அறை காலியாக இருந்தால் எது திரும்பவில்லை என்பது அடுத்த நொடியில் தெரியும். வகுப்பில் 30 பேர் என்றால் 33 வாங்குங்கள். உபரி இல்லாத தொகுப்பு முதல் திரை உடையும் நாளிலேயே நொண்டும். அப்டேட் வந்தால் முதலில் இரண்டு கருவிகளில் போட்டு, பாடச் செயலிகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றை இரவில் விடுங்கள். தானாக நடக்கட்டும் என்று விட்டால், முப்பதும் திங்கள் காலை ஒன்றாக இறக்கிக்கொண்டு வைஃபையை அடைத்துவிடும்.

சார்ஜ்தான் அதிகம் சொதப்பும் இடம். ஒன்றுக்கு 10 வாட் என்றால் முப்பதுக்கு 300 வாட், சுமை பெரிதல்ல. ஆபத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, எல்லாவற்றையும் காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் பூட்டுவதில் இருக்கிறது. கேபிளைச் சின்னப் பிள்ளைகள் செருகக் கூடாது. பழைய மைக்ரோ யுஎஸ்பி முனை தலைகீழாகத் திணித்தால் வளைந்துவிடும்; யுஎஸ்பி-சி அந்த வகையில் பிழைக்கும், ஆனால் பக்கவாட்டில் இழுத்தால் அதுவும் தளர்ந்துபோகும். நீண்ட விடுமுறைக்கு முன் சுமார் 50 சதவீதம் சார்ஜில் அணைத்து வையுங்கள். காலியாக விட்ட பேட்டரி உயிர் பிடிக்காமல் போகலாம். முழுதாக நிரப்பி வெயிலில் வைத்தால் சீக்கிரம் கிழடாகும். பள்ளி திறந்ததும் ஒவ்வொன்றையும் சமதளத்தில் மல்லாக்க வையுங்கள். ஆடினாலோ திரையின் விளிம்பு எழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அழுத்தாமல், சார்ஜ் போடாமல் தனியே எடுத்துவிடுங்கள்.

பொதுக் கருவிக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு: முந்தைய பிள்ளையின் படமும் எழுத்தும் அடுத்த பிள்ளையின் கண்ணில் படுவது. வெளியேறியதும் அழிந்துபோகும் தற்காலிகப் பயன்பாட்டு முறை இதைத் தடுக்கும். ஆனால் வேலை மேகச் சேமிப்பில் ஏறுமுன் வெளியேறினால் அதுவும் சேர்ந்து அழியும். ஆகவே கடைசி ஐந்து நிமிடத்தைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்: சேமி, ஏறிவிட்ட அடையாளம் வரும்வரை காத்திரு, வெளியேறு, வண்டியில் வை. உள்நுழைய பாஸ்வேர்டுக்குப் பதில் கியூஆர் அட்டை கொடுத்தால் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் மிஞ்சும். அட்டையைப் பிள்ளையின் பையில் விடாமல் வண்டியிலேயே வையுங்கள்.

ஒரே மாடல் வாங்குவதன் விலை, எல்லாம் ஒரே நாளில் கிழடாவது. வாங்குமுன் அப்டேட் ஆதரவு முடியும் தேதியைப் பாருங்கள். உதாரணமாக, 2021 முதல் வெளிவந்த குரோம்புக்குகளுக்கு (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் இயங்கும் கணினிகள்) 10 ஆண்டு அப்டேட் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளில் தொடங்குவதில்லை. தள்ளுபடியில் வரும் பழைய சரக்கில் பாதி ஆயுள் ஏற்கெனவே போயிருக்கலாம்.

சொந்தக் கருவி தெளிவாக வெல்லும் இடம் ஒன்று: சிறப்புத் தேவையுள்ள பிள்ளை. எழுத்தளவு, திரைவாசிப்பான், படங்களைத் தொட்டுப் பேசும் செயலி எல்லாம் அந்தப் பிள்ளைக்கென்று மாதக்கணக்கில் சீரமைக்கப்பட்டவை. பேச்சுக் கருவி அந்தப் பிள்ளையின் குரல். ‘டேப்லெட் நேரம் முடிந்தது’ என்று அதை வாங்கி வைக்கவே கூடாது. ஆறாம் வகுப்புக்கு மேல் தட்டச்சும் வீட்டுப்பாடமும் கூடும்போது சொந்தக் கருவியின் பக்கம் தராசு சாயலாம். அங்கே இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன்.

பணமில்லை, வீட்டுக் கருவிதான் வழி என்றால், செயலி நிறுவச் சொல்லாமல் பிரவுசரில் திறக்கும் பாடங்களை மட்டும் எடுங்கள். பள்ளி நேரத்தைத் திரை வரம்பிலிருந்து விலக்கச் சொல்லிப் பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். முதல் பாடத்துக்கு ஒரு வாரம் முன்பு, இணைப்பைச் சோதிப்பதற்கு மட்டும் ஒரு வேளை ஒதுக்குங்கள். அப்போதும் முழு சார்ஜில் மூன்று பள்ளிக் கருவிகள் ஆசிரியர் மேசையில் இருக்கட்டும்.