கழுவிப் போடலாமா, புதுசு வாங்கலாமா? பசங்க டர்ட் பைக்கின் ஏர் பில்டர்

திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடியை இரண்டு நாள் பெருக்காமல் விட்டால், வெறுங்காலோடு நடந்து வருகிறவரின் பாதம் கறுத்துப்போகும். கடற்கரை மணல், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, வடக்கே அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல், மூன்றும் இங்கே ஒரே காற்றில் வருகின்றன. என் தங்கை மகனின் 110 சிசி டர்ட் பைக்கும் (மண்தரையில் ஓட்டுகிற வண்டி) இந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. மீஞ்சூர் பக்கம் தெரிந்தவருடைய காலி மனையில் ஞாயிறுதோறும் ஓட்டுவான். வயது 12. ரோட்டில் ஏற்ற விடுவதில்லை; சின்னப் பையன் ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு.

மணலைவிட எனக்குப் பயம் சாம்பல்தான். மணல் கனமானது, சீக்கிரம் கீழே படிந்துவிடும். சாம்பல் மிதக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். என்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் பில்டரைத் தாண்டி உள்ளே போனால் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயோடு குழைந்து, வால்வு அரைக்கிற பேஸ்ட் மாதிரி பிஸ்டன் ரிங்கையும் போரையும் (சிலிண்டரின் உள்துளை) தேய்த்துவிடும்.

நாம் ஓட்டும் சாதா பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது பேப்பர் பில்டர். அதைக் கழுவ முடியாது, மாற்ற வேண்டியதுதான். பசங்க டர்ட் பைக்குகளில் பெரும்பாலும் ஸ்பாஞ்ச். எண்ணெய் தோய்த்த ஸ்பாஞ்ச் தூசியை ஒட்ட வைத்துப் பிடிக்கும், கழுவி மறுபடியும் போடலாம். கழுவுவதா மாற்றுவதா என்ற கேள்வியே ஸ்பாஞ்சுக்குத்தான்.

இதில் மூன்றாவதாக ஒரு வழியும் நம் பக்கம் ஓடுகிறது. போன வருடம் ஒரு மெக்கானிக், "எதுக்குண்ணே புதுசு, மெத்தைக் கடை ஸ்பாஞ்ச வெட்டிப் போட்டா போதும்" என்றார். நானும் சரி என்றேன். பில்டர் ஸ்பாஞ்சில் துளைகள் எல்லாம் திறந்து ஒன்றோடொன்று இணைந்திருக்கும். மெத்தை ஸ்பாஞ்சில் பல துளைகளை மெல்லிய தோல் மூடியிருக்கும். அதனால் காற்று திணறும், ஓரத்தில் இடைவெளி கிடைத்தால் அது வழியாக வடிகட்டாமலேயே நுழையும். சில மாதத்தில் சைலன்சரில் நீலப்புகை, என்ஜின் ஆயில் எரியத் தொடங்கிவிட்டது. பிஸ்டன், ரிங் மாற்றி, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டோம். பையன் இரண்டு மாதம் வண்டியைத் தொடவில்லை. எவ்வளவு மிச்சமானாலும் அந்த வழி வேண்டாம்.

கழுவுவதற்கு மெக்கானிக் ஷெட்டுகளில் முதலில் எடுப்பது பெட்ரோல். ஒரு நிமிடத்தில் அழுக்கு போய்விடும் என்பது உண்மை. ஆனால் ஸ்பாஞ்சை ஒட்டியிருக்கும் பசையை அது இளக்கும், தீ அபாயமும் பெரிது. பைக்கோடு வரும் மேனுவல்களே பெட்ரோல் கூடாது என்று சொல்கின்றன. கிருஷ்ணாயில் அதைவிடப் பரவாயில்லை. ஆனால் அதுவும் 35, 40 டிகிரியை ஒட்டியே தீப்பற்றும் ஆவி விடத் தொடங்கும். நம் மே மாத மதியம் அந்தச் சூடு சாதாரணம். அந்த நேரத்தில் மாடியில் திறந்து வைத்துக் கழுவுவது சரியில்லை.

எனக்குப் பிடித்தது பாத்திரம் விளக்கும் லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணீரும். மூன்று தடவை அலச வேண்டும், நேரம் பிடிக்கும். ஆனாலும் பையனே தன் கையால் செய்யலாம் என்பதற்காகவே இதற்கு என் ஓட்டு. துணி மாதிரி முறுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து அமுக்க வேண்டும். முறுக்கினால் ஒட்டிய இணைப்புப் பக்கம் கிழியும். காற்றடிக்கும் குழாயையும் அதன் மேல் பிடிக்க வேண்டாம். நிழலில், பேன் காற்றில் காயட்டும். மார்கழியில் கடல் ஈரத்தோடு ஒரு ராத்திரி முழுக்கப் போதாமல் போகும். ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாது.

எண்ணெய் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். காய்ந்த ஸ்பாஞ்ச் வழியாகச் சாம்பல் தடையில்லாமல் போகும். என்ஜின் ஆயில் கையில் இருக்கிறது, மலிவு, ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் சூட்டில் இளகிக் கீழே இறங்கிவிடும். நாலு நாள் நின்ற வண்டியைத் திறந்தால் ஸ்பாஞ்சின் மேல்பாதி வறண்டு, கீழே குளம் கட்டியிருக்கும். ஸ்பாஞ்சுக்கென்றே விற்கும் பில்டர் ஆயில் பிசின் மாதிரி ஒட்டி நின்ற இடத்தில் நிற்கும். விலை கூடுதல்தான். எண்ணூர் காற்றுக்கு அந்தக் கூடுதலைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது, அதில் உலோகத் தூள் இருக்கும். நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும்வரை பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட வேண்டும். சின்ன என்ஜின், எண்ணெய் அதிகமானால் மூச்சு முட்டி ஸ்பார்க் பிளக் கறுக்கும்.

கழுவுவது மலிவு என்றாலும் அதற்கும் ஆயுள் உண்டு. இணைப்பு விட்டுப்போனாலோ, அமுக்கியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பாவிட்டாலோ, விரலில் தூளாக ஒட்டினாலோ அன்றைக்கே புதுசு. நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்பாஞ்ச் தானாகவே மக்கும், அதனால் கடையில் பல வருடம் கிடந்த 'புது' பில்டரையும் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

இப்போது எங்களிடம் இரண்டு பில்டர். ஒன்று வண்டியில், இன்னொன்று கழுவி எண்ணெய் தடவிக் கவரில். ஞாயிறு சாயங்காலம் பையன் பில்டர் பாக்ஸைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறப்பான், பழையதை எடுத்ததும் கார்ப்ரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் விரலை விட்டுத் தடவுவான். போன வாரம் விரலில் லேசாகச் சாம்பல் ஒட்டியது. "மாமா, ஓரத்துல லீக் ஆகுது" என்றான். பில்டர் உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவ மறந்திருந்தேன்.