செம்பா, செம்பு-நிக்கலா, டைட்டானியமா? சீக்கிரமே ஒழுகும் நீச்சல் குள ஹீட்டருக்கு எது மாற்று

எங்கள் குளத்தின் முதல் ஹீட்டர் கேஸில் ஓடுவது, உள்ளே செம்புக் குழாய். மூன்றாம் வருடமே ஒழுகத் தொடங்கியது. 'அடுத்தது டைட்டானியம்தான்' என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பழையதைக் கழற்றினோம். தூக்கிப் போடும் முன் ஒரு குழாயை நெடுக்காக அறுத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

குழாயின் உள்சுவர் முழுக்க மெலிந்து, புளி போட்டு விளக்கிய பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது. அமிலத் தண்ணீரின் வேலை அது. தண்ணீர் நுழையும் முனையில் மட்டும் குதிரை லாடம் போலக் குழிகள் விழுந்திருந்தால் ஓட்டத்தின் வேகம் அதிகம் என்று அர்த்தம். தண்ணீரில் ஒரு பகுதியை ஹீட்டருக்குள் விடாமல் சுற்றிவிடும் பைபாஸ் வால்வு ஒன்று போட்டால் சரியாகும். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் தண்ணீரின் கடினத்தன்மையையோ குறைந்த ஓட்டத்தையோ பார்க்க வேண்டும்.

சரி, எங்கள் தண்ணீரில் அமிலம் எங்கிருந்து வந்தது? வாராவாரம் சோதித்தோம், பிஎச் 7.4க்குக் கீழே போனதே இல்லை. வில்லன், மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மரின் கூடையில் இருந்தது. அங்கே போட்டு வைத்த டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை, பம்ப் நின்ற இரவு முழுக்கக் கொஞ்சம் தண்ணீரில் ஊறிக் கரைகிறது. அந்தக் கரைசலின் பிஎச் 3 அளவுக்கு இறங்கிவிடும். காலையில் பம்ப் ஓடியதும் அது நேரே ஹீட்டருக்குள் போகிறது. குளத்தின் நடுவில் எடுத்த தண்ணீர் இதைக் காட்டவே காட்டாது.

இப்போது உலோகங்களுக்கு வருவோம். வெப்பம் கடத்துவதில் செம்பு டைட்டானியத்தைவிட ஏறக்குறைய 20 மடங்கு மேல், விலையும் குறைவு. பிஎச் 7.2க்குக் கீழே போகாமல், ஓட்டமும் அளவாக இருந்தால் நன்றாகவே உழைக்கும்.

செம்போடு 10 சதவீதம் நிக்கல் சேர்த்த கலவை, வேகமான ஓட்டத்தையும் உப்புத் தண்ணீரையும் செம்பைவிட நன்றாகத் தாங்கும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி உள்ள குளத்தில் கேஸ் ஹீட்டர்தான் வேண்டும் என்றால், கூடுதல் காசு கொடுத்து இதை வாங்குவது நியாயம். ஆனால் ஸ்கிம்மர் மாத்திரைக்கு இதுவும் தப்பாது. அதைத் தடுப்பதற்காக இதை வாங்குவது வீண்செலவு.

டைட்டானியத்தை உப்போ குளோரினோ தொடாது என்றே சொல்லலாம். அது பெரும்பாலும் வருவது ஹீட் பம்ப்பில், அதாவது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் மின்சார இயந்திரத்தில். அதனால் ஒப்பிட வேண்டியது உலோகத்தை மட்டும் இல்லை, இயந்திரத்தையே. ஹீட் பம்ப் மெதுவாகச் சூடாக்கும், குளிர்காற்றில் திணறும், ஆனால் சீசன் முழுக்க ஒரே சூட்டில் வைத்திருக்கச் செலவு குறைவு. நினைத்தபோது சட்டென்று சூடு வேண்டுமென்றால் கேஸ்தான். டைட்டானியக் குழாய் அப்படியே இருக்க, வெளியே அலுமினியத் தகடுகள் அரித்தோ கம்ப்ரசர் போயோ ஹீட் பம்ப் படுத்துவிடுவதும் உண்டு. சுண்ணாம்பும் டைட்டானியத்தில் படியாமல் இருக்காது.

ஹீட் பம்ப்புக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் உடனே பயந்து ஆளைக் கூப்பிட வேண்டாம். சொட்டும் தண்ணீரைக் குளோரின் பட்டையில் சோதியுங்கள். குளோரின் இல்லையென்றால் பெரும்பாலும் காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் தண்ணீர்தான், இருந்தால் ஒழுகல்.

நாங்கள் கடைசியில் செம்பையே திரும்பப் போட்டோம். ஸ்கிம்மரில் மாத்திரை போடுவதை நிறுத்தி, தண்ணீரில் குளோரின் கலக்கும் குளோரினேட்டரை ஹீட்டருக்கு அப்புறம் வரும்படி மாற்றி, இரண்டுக்கும் நடுவே ஒரு செக் வால்வும் வைத்தோம். பம்ப் நின்றால் குளோரின் தண்ணீர் பின்னோக்கி ஹீட்டருக்குள் போகாது. அது போட்டு ஆறு வருடம் ஆகிறது, இன்னும் ஒழுகவில்லை.