பாதித் திட்டத்தோடு சாப்பிடப் போவது: நான்கு வெளிநாட்டுப் பயணங்களின் அனுபவம்

கிருஷ்ணகிரியில் எங்களுக்குப் புளி வியாபாரம். மாசி, பங்குனியில் புளி வந்து குவியும். அதைத் தொட்டு மாங்காய். ஆடி வரை தலை நிமிர முடியாது. புரட்டாசி, ஐப்பசியில்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த இடைவெளியில் 2018, 2019, 2023, 2024 என்று நான்கு முறை வெளிநாடு போய் வந்திருக்கிறோம். கோயில், கடற்கரை, கடைவீதியெல்லாம் போகிற வழியில் பார்த்தவை. நாங்கள் கிளம்பியது அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடவும், குடிப்பதைக் குடிக்கவும்.

இதற்குக் காரணம் 2017-இல் போன ஒரு பேக்கேஜ் டூர். பஸ் நிறைய ஆட்கள். மலேசியாவில் பினாங்குத் தீவில் எங்களை ஒரு வடஇந்திய ஓட்டலில் இறக்கி, பனீரும் ஜீரா சாதமும் போட்டார்கள். பக்கத்துச் சந்திலிருந்து வாணலியில் கரண்டி மோதும் சத்தமும் பூண்டு வதங்கும் வாசனையும் வந்துகொண்டே இருந்தன. நான் எழுந்து போகப் பார்த்தேன். பஸ் பத்து நிமிடத்தில் கிளம்பும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த முறை நாமே போக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எங்கள் முறை இதுதான். போகவர விமான டிக்கெட், முதல் இரண்டு இரவு, கடைசி ஒரு இரவு, இவற்றை மட்டும் உறுதியாகப் போட்டுவிடுவோம். நடுவில் வரும் நாட்களுக்கு, பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிந்து வைப்போம். குடியேற்ற அதிகாரி எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் காட்ட அது வேண்டும். பிறகு ஊரின் போக்கைப் பார்த்து அவற்றை மாற்றுவோம். கடைசி இரவு மட்டும் விமான நிலையம் இருக்கும் ஊருக்கு வந்துவிட வேண்டும். அதில் யாருக்கும் விலக்கு கிடையாது. இங்கிருந்து பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் போகவே மூன்று, நான்கு மணி நேரம் ஆகிறது. வண்டியைத் தவறவிடும் பயம் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

ஆள் கணக்கு முக்கியம். இலங்கைக்கு எட்டுப் பேர் போனோம். தினமும் காலையில் எங்கே சாப்பிடலாம் என்று பேசியே ஒரு மணி நேரம் போனது. சிங்கப்பூருக்கு ஆறு பேர். வியட்நாமுக்கும் பினாங்குக்கும் ஐந்து பேர்: நான், மனைவி, பெரியக்கா, மச்சான், பக்கத்துக் கடை அண்ணன். ஐந்து பேர் ஒரே மேசையில் உட்காரலாம், பினாங்கில் 'கிராப்' என்ற வாடகை வண்டிச் செயலியில் ஒரு பெரிய வண்டி பிடித்தால் போதும். மூன்று தட்டு வாங்கினால் ஆளுக்கு நாலைந்து வாய் வரும். அதனால் ஒரு மாலையில் நான்கு கடை ஏறி இறங்க முடியும். முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வதுதான் இந்த மாதிரிப் பயணத்தில் பெரிய தப்பு. மச்சானுக்கு இதைப் புரியவைக்க இரண்டு பயணம் பிடித்தது.

கடைப் பட்டியல் எழுதிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டோம். வேளையைப் பிடித்தால் போதும், கடை தானாகக் கிடைக்கும். பினாங்கு இதைக் கற்றுக்கொடுத்தது. ஐப்பசி மழையில் போனோம். அந்தத் தீவில் செப்டம்பரும் அக்டோபரும்தான் பலத்த மழைக்காலம். சாயங்காலத் திட்டம் எதுவும் இல்லாததால் மழை எங்களை ஒன்றும் செய்யவில்லை. 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும், அந்தத் தீவின் நகரமான ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளுக்கு, தெருவை ஒட்டி ஐந்தடி நடைபாதை, மேலே கூரை. நனையாமல் அதிலேயே நடந்தோம். காலையில் 'புட்டு மாயம்' என்று விற்றதைப் பார்த்தால் நம் இடியாப்பம். தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் வைத்துக் கொடுத்தார்கள். காப்பிக் கடையில் கேட்கத் தெரிய வேண்டும்: 'கோப்பி' என்றால் டின் பால் போட்டு இனிப்பாக வரும், 'கோப்பி ஓ' என்றால் சர்க்கரை போட்ட கடுங்காப்பி, பின்னால் 'கொசோங்' சேர்த்தால் சர்க்கரையே கிடையாது. பக்கத்துக் கடை அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. அவர் மலாயில் கற்ற முதல் சொல் கொசோங்தான்.

இரவில் நாசி கண்டார். கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து விற்ற காலத்துப் பெயர் அது. 'பஞ்சிர்' என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் கலந்து சோறு முங்க ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். கடைக்காரர் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊருண்ணே?" என்றார். கிருஷ்ணகிரி என்றதும் மாங்காயைப் பற்றித்தான் விசாரித்தார்.

ஒரு நாளை வேண்டுமென்றே சும்மா விட்டிருந்தோம். வண்டி ஓட்டியவர், லக்சா சாப்பிட வேண்டுமானால் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் போங்கள் என்றார். போனோம். அசாம் லக்சா என்பது உதிர்த்த அயிலை மீன், எலுமிச்சைப்புல், புதினா, அன்னாசி, தடித்த அரிசி நூடுல்ஸ் எல்லாம் சேர்ந்த புளிக் குழம்பு. அசாம் என்றாலே புளிப்பு. முப்பது வருடமாகப் புளியை மோந்து, கிள்ளி, நாக்கில் வைத்து விலை சொல்கிறவன் நான். அந்தக் கிண்ணத்தில் முதல் வாய் உறிஞ்சியதும் பேச்சே வரவில்லை. புளிப்பு முன்னால் வந்து நிற்கிறது, மீன் பின்னால் வருகிறது, கடைசியில் கரண்டியில் கொடுத்த கறுத்த இறால் விழுது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறது. இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன். என் விதியை நானே மீறிய இடம் அது ஒன்றுதான். வரும் வழியில் ஜாதிக்காய்ச் சாறு குடித்தோம். அந்த ஒரு நாளுக்காகவே இந்த முறைக்கு என் ஓட்டு.

பெரியக்கா சுத்த சைவம். அவருக்கு வியட்நாம் கஷ்டமாக இருக்கும் என்று பயந்தேன், ஏனென்றால் அங்கே காய்கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். ஆனால் 'சாய்' என்று பலகை வைத்த கடை எல்லாம் சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம் சாப்பிடுவதால், நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் இன்னும் நல்லது. சூட்சுமம் இது: முதல் நாளே அக்காவுக்கு ஒரு கடை கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். கையில் நிப்பட்டும் (தட்டை) புளிக்காய்ச்சலும் எப்போதும் இருக்கும்.

ஹனோயில் முட்டைக் காப்பி எல்லோருக்கும் பிடித்தது (அக்கா தொடவில்லை). 1946-இல் பால் தட்டுப்பாட்டுக் காலத்தில், மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜியாங் என்பவர் பாலுக்குப் பதில் முட்டை மஞ்சள் கருவை அடித்து ஊற்றி உருவாக்கியது. சூடு ஆறாமல் இருக்க, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துத் தருகிறார்கள்.

பணத்தில் கறாராக இருக்கிறோம். தினமும் காலையில் ஆளுக்கு ஒரே தொகை பொதுப் பைக்கு. சாப்பாடு, வண்டி எல்லாம் அதிலிருந்து. மது மட்டும் அதில் சேராது. ஐந்தில் இரண்டு பேர் குடிப்பதில்லை. அவர்கள் காசில் மற்றவர்கள் குடிப்பது நியாயமில்லை. யாழ்ப்பாணத்தில் தவறணைக்கு (கள்ளுக்கடைக்கு) போய்ப் பனங்கள் குடித்தபோதே இந்த விதியைப் போட்டோம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால், எங்கள் வயதுக்காரர்களுக்கு அது இளம் பிராயத்துக்குப் பிறகு முதல் முறை. அங்கே ஒடியற்கூழையும் விடக் கூடாது. காய்ந்த பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் போட்ட கூழ். கேழ்வரகுக் கூழில் வளர்ந்த நாக்கு அதை உடனே ஒப்புக்கொண்டது.

குறைகளும் உண்டு. பினாங்கில் ஒரு சனிக்கிழமை அறை மாற்றப் பார்த்து, எங்கும் இடம் கிடைக்காமல் இரண்டு மடங்கு வாடகை கொடுத்தோம். அதிலிருந்து வார இறுதியை மட்டும் முன்பே உறுதி செய்துவிடுகிறோம். இன்னொரு முறை, ரத்து செய்தால் பணம் திரும்பும் என்ற அறையில், கடைசி நேரம் அந்த ஊர் மணிப்படி என்பதைக் கவனிக்காமல் ஒரு இரவு வாடகையை இழந்தோம். வயிறு கெட்டால் ஒரு நாள் முழுக்க இளநீரும் கஞ்சியும்தான். அதற்கும் சும்மா விட்ட நாள் கைகொடுக்கிறது.

அடுத்த முறை மச்சானின் அம்மா வருகிறேன் என்கிறார். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. அவரை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அறை தேட முடியாது. அதனால் யாழ்ப்பாணத்தில் ஏழு நாளும் ஒரே வீடு எடுத்து, காலை வேளையை மட்டும் சமையலறையோடு வைத்துக்கொண்டு, மத்தியானத்தையும் இரவையும் திறந்து விடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். களிக்கு மாவு கொண்டுபோக வேண்டும் என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.