காரைக்குடிப் பழம்பொருள் கடையில் சீனத்து வெண்கலக் குதிரையணிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுள் ஒன்றில், பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் எனாமல் அடுக்குகளுக்கும் நடுவே, பண்டைச் சீனக் குதிரையணிகளின் படிவார்ப்புகள் விற்பனைக்கு உள்ளன. புரவியெடுப்பில் மண்குதிரைகளின் நெற்றியிலும் கழுத்திலும் வேளார் இழைக்கும் அணிகளைப் பார்த்து வளர்ந்த நம் பகுதியினர் அவசியம் காணவேண்டியவை இவை.

இவற்றுள் சிறந்தது நுகத்தடி மணி. மேற்குச் சௌ அரசர் காலத்தில் (கி.மு. 1046–771) தேரின் நுகத்தில் பொருத்தப்பட்ட மணியின் படி இது. சதுரக் குழலாக அமைந்த அடிப்பகுதியின்மேல் உருண்டை மணி அமர்ந்திருக்கிறது. அதன் நடுவிலிருந்து கதிர்களாக விரியும் பிளவுகளுக்குள் பரல் தெரிகிறது. அசைத்துப் பார்த்தேன், கோயில் மணியின் நீண்ட நாதம் இல்லை, சலங்கையின் கலகலப்புத்தான். தேர் ஓடும்போது ஒலிக்க வேண்டிய மணிக்கு அதுவே பொருத்தம்.

வார்கள் குறுக்கிடும் இடத்தில் கோக்கும் சிலுவை வடிவக் குழல்களும் செம்மையாக உள்ளன. பல துண்டுகளாகப் பிரியும் களிமண் அச்சில் சீனர் வார்த்ததால், பழைய பொருள்களில் அச்சுகள் கூடிய கோடு தெரிவதுண்டு. சுவாமிமலை மெழுகு வார்ப்பில் அதற்கு இடமில்லை. இந்தப் படிகளில் அக்கோட்டையும் விடாமல் காட்டியிருக்கிறார்கள். கடிவாளத் துண்டு சாதாரணம். நெற்றிப்பட்டம் ஏமாற்றம்: சீனத்து ஹான் அரசமரபைச் சேர்ந்தவரும் கி.மு. 59இல் இறந்தவருமான ஹைஹுன் பிரபு லியு ஹோவின் கல்லறையில் கிடைத்த பட்டங்களில் விலங்குருவங்களைப் பொன் பதித்து இழைத்திருக்க, இங்கே பொன்வண்ணப் பூச்சோடு நின்றுவிட்டார்கள்.

என் உண்மையான வருத்தம், பழையது என்று தனியே வைத்திருக்கும் ஒரு மணியைப் பற்றியது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல அதைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறார்கள். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து உலோகத்தோடு ஊறிய களிம்பையும், மேலே ஒட்டிய பச்சைப் பொடியையும் வேறுபடுத்திப் பார்ப்பது பழமையை ஆராயும் முதல் வழிகளுள் ஒன்று. அந்தத் தடயமே இப்போது போய்விட்டது. கேட்கும் விலைக்கு அதை வாங்க மாட்டேன்.

படிவார்ப்புகளின் சீட்டுகளில் ‘புதிய வார்ப்பு’ என்று தெளிவாக எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. பில்லிலும் அவ்வாறே எழுதி வாங்குங்கள். நூறாண்டு கடந்த பொருள்களை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துவதால், வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்பவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.