மாவட்டக் கணக்கும் தேசியக் கணக்கும்

திருப்பூர், ஈரோடு பக்கம் துக்க வீடுகளில் ஒருவராவது சொல்லிவிடுவார்: "சாயத் தண்ணீர் வந்த பிறகு நம் பக்கம்தான் புற்றுநோய்ச் சாவு அதிகம்." சாயப்பட்டறைக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் அது தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்கள் இந்தச் சந்தேகத்தைச் சிரித்துத் தள்ள மாட்டார்கள். ஆனால் எதைவிட அதிகம்?

இந்தியாவில் 2022இல் புற்றுநோயால் சுமார் 9.16 லட்சம் பேர் இறந்ததாக உலக அளவிலான மதிப்பீடு கூறுகிறது. லட்சம் பேருக்கு ஏறத்தாழ 65. பெரிய எண் என்பதால் ஆண்டுக்கு ஆண்டு துள்ளாது. மதிப்பீடு என்பதுதான் அதன் பலவீனம். நாட்டில் பதிவாகும் மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது 2020இல் நாலில் ஒன்றுகூட இல்லை.

மாவட்ட எண் நம் ஊரைப் பேசும், ஆனால் எளிதில் ஏமாற்றும். ஒரு வட்டத்தில் 40 சாவு அடுத்த ஆண்டு 52 ஆனால் பதற வேண்டியதில்லை. ஐந்தாண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோவை மருத்துவமனைகளுக்கு நீலகிரியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இறந்த இடத்தை வைத்து எண்ணினால் கோவை வீணாகப் பழி சுமக்கும். குடியிருந்த முகவரிதான் கணக்கு.

எல்லாவற்றையும்விட வயதுதான் பெரிய சிக்கல். 2011 கணக்கெடுப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் நாட்டில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4. முதியவர் கூடினால் புற்றுநோய்ச் சாவும் கூடும், சாயப்பட்டறை இல்லாவிட்டாலும். வயதைச் சமன்செய்த விகிதத்தை, அதாவது இரண்டு இடத்திலும் முதியவர் பங்கு ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்டதை மட்டுமே, அதேபோல் சமன்செய்த தேசிய எண்ணோடு ஒப்பிடுவேன். அதன் பிறகும் நம் எண் உயர்ந்தே நின்றால், ஆற்றின் மீது விரல் நீட்டுவதற்கு முன் புகையிலையையும் தாமதமாகக் கண்டறிவதையும் விசாரிப்பேன்.